ஒரு ஊர் மணலைப் பிடித்தால் அடுத்த ஊரில் கடல் ஏறும்

அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது ஒரு வேலை செய்து பாருங்கள். காய்ந்த தேங்காய் மட்டை ஒன்றை (எங்கள் பக்கம் தொண்டு, கதம்பை என்போம்) அலை வந்து போகும் இடத்தில் போட்டுவிட்டு, பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருங்கள். கணுக்கால் நனைகிற இடம் போதும், உள்ளே இறங்க வேண்டாம். அலை அதைக் கரையில் ஏற்றும்போது கொஞ்சம் சாய்வாக ஏற்றும். தண்ணீர் வடியும்போது நேராகக் கீழே இழுக்கும். அடுத்த அலை மறுபடியும் சாய்வாக ஏற்றும். இப்படி ரம்பத்தின் பல்லைப் போல ஏறி இறங்கி, தொண்டு பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போகும்.

தொண்டு போகிற வழியில்தான் மணலும் போகிறது. அலைகள் கரைக்கு நேராக வருவது அபூர்வம். சற்றே சாய்ந்துதான் வரும். அந்தச் சாய்வு ஒவ்வொரு மணல் துகளையும் கரையோரமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஆகவே கடற்கரையை அசையாத நிலமாக நினைப்பது தவறு. அது ஒரு மணல் ஆறு. எந்தப் பக்கம் ஓடும் என்பது காற்றின் பருவத்தையும், அந்த இடத்தில் கரை வளைந்திருக்கும் கோணத்தையும், நீவாட்டையும் (மீனவர்கள் கடல் நீரோட்டத்தை அப்படித்தான் சொல்வார்கள்) பொறுத்தது. எங்கள் குமரி மாவட்டத்து முட்டம் பாறைகள் போல நீட்டிக்கொண்டிருக்கும் இடங்கள் இந்த ஆற்றைத் துண்டு துண்டாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் தனி வரவு செலவுக் கணக்கு உண்டு.

இனி தூண்டில் வளைவுக்கு வருவோம். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில், ஆரோக்கியபுரத்திலிருந்து நீரோடி வரை உள்ள சுமார் 70 கிலோமீட்டரில், இந்தச் சொல்லைக் கேட்காத ஊர் இல்லை. கரையிலிருந்து கடலுக்குள் கருங்கல்லைக் கொட்டி நீட்டப்படும் சுவர் அது. நுனியை வளைத்து விடுவதால் இந்தப் பெயர். அது செய்வது ஒரே வேலை, மணல் ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டுவது. மணல் வரும் பக்கத்தில் கரை வளரும். சில வருடங்களில் வள்ளம் ஏற்றி வைக்கவும் பிள்ளைகள் பந்து விளையாடவும் இடம் கிடைக்கும். ஊர் மகிழ்ச்சி அடையும், அது நியாயம்தான்.

மறுபக்கத்தில் அலை வழக்கம்போல மணலை எடுத்துக்கொண்டு போகிறது. ஆனால் எடுத்த இடத்தை நிரப்ப வேண்டிய மணல் அணையில் நின்றுவிட்டது. வரவு நின்று செலவு மட்டும் தொடர்ந்தால் எந்தக் குடும்பமும் என்ன ஆகுமோ, அதுதான் அந்தக் கரைக்கும் ஆகிறது. முதலில் மணல்மேடு போகும், அப்புறம் தென்னை, அப்புறம் ரோடு. அடுத்த ஊர்க்காரர்கள் மறியல் செய்து தங்களுக்கும் ஒரு தூண்டில் வளைவு கேட்பார்கள். கிடைக்கும். பிரச்சினை இன்னும் ஒரு ஊர் தள்ளிப் போகும்.

குளச்சலுக்கு மேற்கே கடலோரத்தில் குடியிருக்கும் என் பெரியப்பாவிடம் இதையெல்லாம் ஒருமுறை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "நம்ம ஊருக்குப் போட்டாப் போதும் மக்களே. அடுத்த ஊருக்காரன் அவனுக்குக் கேட்டு வாங்கிக்கிடட்டும்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. வீட்டுக் கொல்லையிலிருந்து பத்தடியில் அலை அடிக்கும்போது மணல் கணக்கு பேசுவது, பசித்தவனிடம் வேளாண்மை பேசுவது மாதிரி.

கரைக்கு இணையாகக் கட்டப்படும் அலைதடுப்புச் சுவரின் கதை வேறு. சாய்வான மணல்கரையில் ஏறும் அலை மெல்ல மெல்லத் தன் வலுவை இழக்கிறது; மணலுக்குள் தண்ணீர் இறங்கவும் செய்கிறது. சுவரில் மோதும் அலைக்கு அந்த வாய்ப்பு இல்லை. மோதித் திரும்பும் வேகத்தில் சுவரின் அடியிலுள்ள மணலைத் தோண்டிக்கொண்டு போகிறது. சுவருக்குப் பின்னால் வீடு நிற்கும், சுவருக்கு முன்னால் கரை இருக்காது. கரைமடி வலை இழுப்பவர்களுக்கு நிற்க இடம் வேண்டாமா? வலை காயப்போடவும், கருவாடு உலர்த்தவும், சாயங்காலம் உட்கார்ந்து பேசவும் அந்த மணல்தான் இருந்தது. அத்துடன், கல் எங்கிருந்தாவது வரவேண்டும். மலையை உடைத்துக் கடலில் போட்டுக் கடலிடமிருந்து நிலத்தைக் காப்பாற்றுகிறோம்.

கரைக்கு மணல் வரும் வழிகளில் முக்கியமானது ஆறு. மேற்குத் தொடர்ச்சி மலை அரிக்கப்பட்டு, கோதையாறு, பறளியாறு வழியாகக் குழித்துறையாற்றில் சேர்ந்து, தேங்காப்பட்டணம் அருகே கடலில் இறங்குகிறது. அந்த வழியில் 1906 முதல் பேச்சிப்பாறை அணை நிற்கிறது. பிறகு பெருஞ்சாணி, சிற்றாறு அணைகள் வந்தன. அணைகளால் நாஞ்சில் நாட்டு வயல்கள் விளைந்தன, அதை மறுக்கவே முடியாது. ஆனால் அணை தண்ணீரைத் திறந்துவிட்டாலும் மணலைப் பிடித்துக்கொள்கிறது. தப்பி வந்த மணலையும் ஆற்றுப்படுகையிலேயே வெட்டி வீடு கட்டினோம். எங்கள் வீட்டுச் சுவரிலும் அந்த மணல் இருக்கிறது. இதற்கிடையில் தேங்காப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்தின் முகத்துவாரத்தில் தேவையில்லாத மணல் சேர்ந்து, அலை எழும்பிப் படகுகள் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. வேண்டிய இடத்தில் பஞ்சம், வேண்டாத இடத்தில் குவியல்.

கடற்கரைக்கு இயல்பாகவே ஒரு வருடச் சுழற்சியும் உண்டு. ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று அலைகள் கரையை அரித்து, மணலைக் கொஞ்சம் உள்ளே கொண்டுபோய்க் கடலடியில் திட்டாகக் குவிக்கும். அந்தத் திட்டே பிறகு வரும் அலைகளை முன்கூட்டியே உடைத்துக் கரையைக் காக்கும். காற்று தணிந்ததும் சிறிய அலைகள் அதைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். வட்டியில்லாக் கடன். ஆடியில் கரை குறுகுவதைக் கண்டு பழைய ஆட்கள் பதறாததற்குக் காரணம், மார்கழியில் திரும்பி வரும் என்ற அனுபவம். இப்போது கடன் முழுசாகத் திரும்புவதில்லை.

பருவநிலை மாற்றம் இந்தக் கணக்கில் எங்கே நுழைகிறது? புவி சேர்த்துக்கொள்ளும் அதிக வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடலுக்குள்தான் போகிறது. சூடான தண்ணீர் விரிகிறது. உருகும் பனியும் சேர்கிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. அதில் 2006 முதல் 2018 வரை வருடத்துக்கு 3.7 மில்லிமீட்டர் என்ற வேகத்தில். அரிசி மணி அளவுகூட இல்லையே என்று தோன்றும். ஆனால் மணல்கரை மிகத் தாழ்வான சாய்வு. கடல் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தால், அந்தச் சாய்வு தன்னைச் சரிசெய்துகொள்ள அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை பின்வாங்கும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. பாறைக்கரையில் இது செல்லாது, மணல் வரத்து நன்றாக இருக்கும் இடத்திலும் செல்லாது. வரத்து நின்ற இடங்களில்தான் வலிக்கும்.

கடல் மட்டம் மெதுவாக வரும் விருந்தாளி என்றால், கள்ளக்கடல் சொல்லாமல் வருவது. கரையோர மீனவர் பேச்சில் பிறந்த இந்தச் சொல்லை இப்போது ஆய்வாளர்களும் அப்படியே எழுதுகிறார்கள். வானம் தெளிவாக இருக்கும். காற்று இருக்காது. திடீரென்று கடல் ஏறி அழிக்கால் போன்ற தாழ்வான ஊர்களில் வீட்டுக்குள் வந்துவிடும். சில சமயம் முதலில் உள்வாங்குவதால், சுனாமியைக் கண்ட ஊர்களில் ஜனங்கள் அலறிக்கொண்டு ஓடுவார்கள்.

இதன் மூலம் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் இருக்கிறது. அங்கே பெரும்புயல் நாள்கணக்கில் வீசும்போது பலவித அலைகள் எழுகின்றன. குட்டை அலைகள் வழியிலேயே அடங்கிவிடும். நெட்டை அலைகள் அடங்குவதில்லை. நம் கடலில் சாதாரணக் காற்றலை ஆறேழு வினாடிக்கு ஒன்று வரும். இவை 18 வினாடிக்கு ஒன்று வரும். ஆழ்கடலில் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவே அரை கிலோமீட்டர் இருக்கும். அலை எவ்வளவு நீளமோ அவ்வளவு வேகம் என்பது ஆழ்கடலின் விதி. அதன்படி இவற்றின் சக்தி மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டரில் வடக்கே வருகிறது. அதாவது நான்கு நாள் பயணம். நடுக்கடலில் படகுக்கு அடியில் போனால்கூடப் பெரிதாகத் தெரியாது. கரைக்கு அருகே ஆழம் குறையக் குறைய வேகம் குறைந்து, உயரம் கூடி, தண்ணீரைக் கரைமேல் குவிக்கிறது. அந்த நேரத்தில் அன்றாடக் கடல் ஏற்றமும் (ஓதம்) சேர்ந்தால் ஊருக்குள் வரும். 1985 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் அளவீடுகள், தென்கடலில் காற்றும் அலையும் கொஞ்சம் வலுத்திருப்பதைக் காட்டுகின்றன.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் அந்த நான்கு நாள். காற்றையும் வானத்தையும் பார்த்துக் கடலைச் சொல்லும் எங்கள் ஊர் அறிவு இங்கே தோற்கிறது, ஏனென்றால் அடையாளம் எதுவுமே உள்ளூரில் இல்லை. தனி ஆளால் கண்டுபிடிக்கவே முடியாத ஆபத்து இது. ஆனால் செயற்கைக்கோளும் மிதவைகளும் கணினியும் வைத்திருக்கும் ஒரு நாட்டால் முடியும். ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இதைத்தான் செய்கிறது. 2024 மே தொடக்கத்தில் வந்த கள்ளக்கடலுக்கு எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது. அப்படியும் மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் போய்விட்டார்கள்.

அதற்கு முன் 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல். வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் ஆழ்கடல் படகுகள் பல நாள் முன்பே கிளம்பியிருந்தன. கைபேசிக் கோபுரம் எட்டாத தூரம். புயல் உருவாகிறது என்று சொல்லவும் வழியில்லை, கேட்கவும் வழியில்லை. மாவட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. அதன் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கும் கருவிகள் படகுகளுக்கு வந்தன. கணிப்பது பாதி வேலைதான். கணித்ததைக் கோயில் ஒலிபெருக்கி வரை, சுற்றுலா வந்தவர் காது வரை கொண்டுபோவது மீதிப் பாதி. அதற்குச் செலவும் குறைவு.

மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆனி ஆடியில் கரையை அரிக்கும் அதே காற்று, ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கிக்கொண்டு நுழைகிறது. அகலமான ஓடை குறுகினால் தண்ணீர் வேகமெடுப்பது போலத்தான். காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். முப்பந்தலில் சுமார் 1,500 மெகாவாட் திறனுள்ள காற்றாலைகள் நிற்பது அதனால்தான். கரியமில வாயுவைக் குறைப்பதில் இந்த மாவட்டம் ஒன்றும் பின்தங்கியதல்ல. ஆனால் அங்கே சுழலும் காற்றாடி அழிக்காலில் ஏறும் அலையை நேரடியாகக் குறைக்காது. உலகம் முழுக்கச் சேர்ந்து குறைத்தால்தான் பலன், அதுவும் தாமதமாக. கட்டுமரத்தில் போய் வந்தவர்கள் வாயுமண்டலத்தில் என்ன சேர்த்தார்கள்? அலை மட்டும் அவர்கள் வாசலுக்கு முதலில் வருகிறது.

சரி, கரையில் என்ன செய்யலாம்? ஊர் ஊராகக் கேட்டு வாங்குவதை விட்டு, ஒரு பாறைமுனையிலிருந்து அடுத்த பாறைமுனை வரை ஒரே கணக்காகத் திட்டமிடுவது என் முதல் விருப்பம். துறைமுக வாயில் தூர்வாரிய மணலை வேறெங்கும் அனுப்பாமல், பசித்த கரையில் கொட்டுவது இரண்டாவது. புதுச்சேரியில் 1980களில் கட்டிய துறைமுகச் சுவர்களால் வடக்கே கடற்கரை மறைந்தது. 2018 வாக்கில் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்து, மணலும் சேர்த்து, ஒரு பகுதியை மீட்டார்கள். நம் கடலின் ஆனி ஆடி வேகத்துக்கு அதை அப்படியே எடுத்து வைக்க முடியாது, ஆனால் மணலை மணலால் ஈடுகட்டும் யோசனை பொருந்தும். மணல்மேடு மிச்சமிருக்கும் இடங்களில் அடும்பும் தாழையும் போதும். சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் படர்ந்த அதே அடும்பு, பறக்கும் மணலைத் தன் கொடியில் தடுத்து மேட்டை வளர்க்கும். அதைப் பிடுங்கிவிட்டு பெஞ்சு போடுவதைத்தான் பல இடங்களில் அழகுபடுத்துவது என்கிறோம்.

பெரியப்பா வீட்டுக்கு வருகிறேன். போன கள்ளக்கடலுக்குக் கைபேசியில் எச்சரிக்கை வந்தது. காற்றே இல்லாத காலை. அவர் வலையையும் அரிசி மூட்டையையும் தட்டின்மேல் ஏற்றினார், எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். உச்சிப்பொழுதில் தண்ணீர் அடுக்களை வரை வந்து அடுப்பை அணைத்துவிட்டுப் போனது. மறுநாள் நான் போனபோது, வீட்டுக்குள் கணுக்கால் அளவு கிடந்த மணலை அவர் மண்வெட்டியால் அள்ளிக் கூடையில் நிரப்பிக்கொண்டிருந்தார். ரோட்டோரம் கொட்டாமல், ஒவ்வொரு கூடையாகச் சுமந்து கரையிலேயே போட்டார். "யாரு ஊரு மண்ணோ" என்றார், கூடையைத் தட்டிக்கொண்டே.