எந்த மாமா?

பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தை சொல்வதை எப்படிக் கேட்பது என்று சொல்லித்தரும் பயிற்சி வகுப்பில் நான் சட்டத்திலிருந்து தொடங்குவதில்லை. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுத்தான் தொடங்குவேன்.

சேலத்திலோ ஏற்காட்டிலோ ஒரு கூடத்தில் ஆசிரியர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், மகளிர் காவலர்கள் என்று முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரை எழுப்பி, காலைச் சாப்பாட்டைப் பற்றி ஐந்து பேரிடம் தனித்தனியாகப் போய்ச் சொல்லச் சொல்வேன். கேட்கும் ஐந்து பேரும் குறிப்பெடுக்க வேண்டும். முதல் ஆளிடம் "தோசை" என்பார். இரண்டாம் ஆள் "எத்தனை?" என்பார். மூன்றாம் ஆள் "சட்னியா, சாம்பாரா?" என்பார். நான்காம் ஆளிடம் போகும்போதே முகத்தில் அலுப்பு தெரியும். ஐந்தாம் ஆளிடம் "சாப்பிட்டேன், அவ்வளவுதான்" என்று முடித்துவிடுவார். அப்புறம் ஐந்து குறிப்புகளையும் சத்தமாக வாசிப்போம். ஒன்றில் இரண்டு தோசை, ஒன்றில் மூன்று. ஒன்றில் சட்னி, ஒன்றில் சாம்பார். கூடமே சிரிக்கும். "சரி, இப்போது நான் எதிர்த்தரப்பு வக்கீல். இவர் சாப்பிட்டதாகச் சொல்வதை நான் ஏன் நம்ப வேண்டும்?" என்று கேட்டதும் சிரிப்பு நின்றுவிடும்.

தோசைக்கே இந்தக் கதி.

தனக்கு நடந்ததைச் சொல்ல வாய் திறக்கும் குழந்தை எத்தனை பேரிடம் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று பலகையில் எழுதிப் பார்ப்போம். வகுப்பு ஆசிரியர், தலைமை ஆசிரியர், அம்மா, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலிருந்து வருபவர், போலீஸ், டாக்டர், குழந்தைகள் நலக் குழு, மாஜிஸ்திரேட், கடைசியில் நீதிமன்றம். இதில் பாதிப் பேர் முழுக் கதையையும் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் கேட்கிறோம். கேட்டால்தான் வேலை செய்த மாதிரி இருக்கிறது நமக்கு.

நானும் அப்படிக் கேட்டவள்தான். குழந்தைகளுக்கு மன ஆலோசனை தரும் ஆற்றுப்படுத்துநராகச் சேர்ந்து இரண்டாம் வருஷம். (ஊர், வயது, தொழில் எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.) தறி ஓட்டும் குடும்பத்துக் குழந்தை. ஏழு வயது. "மாமா" என்று ஒரு சொல்தான் அவள் வாயிலிருந்து வந்தது. நான் விடாமல் கேட்டேன்: "யாரு, அம்மாவோட தம்பியா?" அவள் தலையாட்டினாள். அறிக்கையில் "தாய்மாமன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு போய் ஒன்றரை நாள் உட்கார வைத்து விசாரித்தார்கள்.

அதற்கப்புறம் ஒரு பெண் எஸ்.ஐ. சாதாரணச் சேலையில் அந்த வீட்டுக்குப் போனார். தறிக்குழிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அரை மணி நேரம் அந்தக் குழந்தை நூல்கண்டை உருட்டி விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த மாமாவை எங்கெல்லாம் பார்ப்ப?" என்று மட்டும் கேட்டார். "பைக்ல வருவாங்க. நோட்டுல எழுதுவாங்க." வாராவாரம் வட்டி வசூலிக்க வரும் ஆள். நம் ஊரில் அம்மாவின் தம்பியும் மாமா, அத்தையின் கணவரும் மாமா, பக்கத்து வீட்டுக்காரரும் மாமா, பஸ்ஸில் இடம் கொடுத்தவரும் மாமா. இது தெரியாதவளா நான்? தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் அவசரம்தான் முந்திக்கொண்டது. பெரியவர்கள் கேட்டால் தலையாட்ட வேண்டும் என்றுதானே பிள்ளைகளை வளர்க்கிறோம், அவளும் ஆட்டிவிட்டாள்.

வழக்கு நடந்தபோது என் அறிக்கையைத்தான் எதிர்த்தரப்பு கையில் எடுத்தது. "முதலில் வேறு ஆளைத்தானே சொன்னாய்?" என்ற கேள்வி அந்தக் குழந்தையிடம் போனது. அவள் வேறு ஆளைச் சொல்லவே இல்லை, நான்தான் சொன்னேன். அந்தத் தாய்மாமன் அக்கா வீட்டுப் படியேற ரொம்ப நாளாயிற்று. அந்த அறிக்கையின் நகல் இன்னும் என் பையில் இருக்கிறது. பெயர்களை மறைத்து, ஒவ்வொரு வகுப்பிலும் அதை எடுத்துக் காட்டுகிறேன்.

இதனால்தான், பயிற்சி என்றால் இன்னும் நிறையக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுப்பது என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். முதலில் கேட்பவருக்கு வேண்டிய கேள்விகள் மிகக் குறைவு. அதற்குத் தமிழில் அருமையான சொல் ஒன்று இருக்கிறது: "அப்புறம்?" இந்தச் சொல் எதையும் ஊட்டிவிடாது. யாரையும் குற்றம் சாட்டாது. பாட்டியிடம் கதை கேட்ட காலத்திலிருந்து பிள்ளைகளுக்குப் பழகிய சொல். அதோடு "அதைப் பற்றி இன்னும் சொல்லு" என்பதும் போதும். "ஏன்" என்று ஆரம்பிக்கும் எதுவும் வேண்டாம். "ஏன் முன்னாடியே சொல்லல?" என்பது பெரியவருக்குக் கேள்வி, குழந்தைக்கு அது தீர்ப்பு.

இன்னொரு பழக்கமும் ஆபத்தானது. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், சத்தியம்" என்று கையில் அடித்துக் கொடுப்பது. கொடுக்கவே கூடாது. நாம் சொல்லியாக வேண்டும், அது சட்டம். நான் சொல்லித்தருவது இப்படி: "நீ சொன்னது நல்லது. இதுல உன் மேல தப்பே இல்ல. உன்னைப் பாத்துக்கறதுக்காக இதை ஒண்ணு ரெண்டு பேர்கிட்ட நான் சொல்லணும். யார்கிட்டன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்." இதை வகுப்பில் ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். இருபது வருஷம் சர்வீஸ் போட்ட தலைமை ஆசிரியர்கள்கூட முதல் தடவை "உன் மேல தப்பே இல்ல" என்ற இடத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த வாக்கியத்தை நம்மில் பலரிடம் யாரும் சொன்னதில்லை, அதனால் நாக்குக்குப் பழக்கமில்லை.

எழுதும்போது குழந்தையின் சொல்லையே எழுத வேண்டும். உடலுறுப்புக்கு அது வீட்டில் என்ன பெயர் வைத்திருக்கிறதோ அதே பெயர். சேர்வராயன் மலைக் கிராமங்களில் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் பேசும் தமிழ், கீழே சேலத்திலிருந்து போகிறவருக்குச் சில இடங்களில் புரியாது. புரியாவிட்டால் கேட்டபடியே எழுதிக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள். ஏழு வயதுக் குழந்தை "பாலியல் தொந்தரவு" என்று சொன்னதாக ஒரு அறிக்கை சொன்னால், அங்கே குழந்தையின் குரல் இல்லை என்று படித்தவுடனே தெரிந்துவிடும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14-லிருந்து அமலில் இருக்கிறது. குற்றம் நடந்ததாகத் தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று அஞ்சினாலோ போலீசிடம் தெரிவிப்பது எல்லோருக்கும் கடமை. தெரிவிக்கத் தவறினால் 6 மாதம் வரை சிறை, நிறுவனப் பொறுப்பில் இருப்பவருக்கு ஒரு வருஷம் வரை. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது வழக்குப் போட முடியாது. "முதலில் நாங்களே விசாரித்துப் பார்க்கிறோம்" என்று பள்ளிக்கூடங்களில் கமிட்டி போட்டு உட்காருவதைச் சட்டம் கேட்கவே இல்லை. நிரூபிப்பது உங்கள் வேலை கிடையாது.

போலீஸ் தரப்பிலும் தெளிவான விதிகள் உண்டு. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். கூடுமானவரை எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல். ராத்திரியில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கவே கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தகவல் போக வேண்டும். அவசர சிகிச்சை தர, கோர்ட் உத்தரவோ வேறு காகிதமோ ஆஸ்பத்திரி கேட்கக்கூடாது என்று 2020-ஆம் வருஷ விதிகள் சொல்கின்றன.

தாளில் இருப்பது இது. மலையில் நடப்பது வேறு. காப்பித் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து ஒரு குழந்தையைக் கீழே கொண்டுவர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பஸ் வரும் இடத்துக்கு நடை. அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியில் குழந்தை வாந்தி எடுக்கும். அம்மாவுக்கு அன்றைய கூலி போயிற்று. இதற்குள் தோட்டத்தில் பத்துப் பேருக்கு விஷயம் தெரிந்திருக்கும், ஏனென்றால் யாரும் காரணமில்லாமல் புதன்கிழமை சேலம் போவதில்லை. மறுபடியும் மாஜிஸ்திரேட் முன்னால் ஒரு நாள், மறுபடியும் அதே வளைவுகள். அதிகாரி மேலே ஏறிப் போக வேண்டும் என்றுதான் சட்டம் நினைக்கிறது. ஜீப்புக்கு டீசல் யார் போடுவது என்ற கேள்வியில் அந்த நினைப்பு நின்றுவிடுகிறது. குழந்தை தவித்துக்கொண்டிருக்கும்போது சாப்பாடு, துணி, பயணம் போன்ற உடனடிச் செலவுக்குப் பணம் தரச் சொல்லிப் பரிந்துரைக்கக் குழந்தைகள் நலக் குழுவுக்கு அதே விதிகளில் வழி இருக்கிறது. வகுப்பில் இதைச் சொன்னால் பலர் புதிதாகக் கேட்பதுபோல் எழுதிக்கொள்கிறார்கள்.

மலையில் செவிலியர்கள் முதலில் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். பதினேழு வயதுப் பெண், சட்டத்தின் கண்ணில் இன்னும் குழந்தை, கல்யாணமாகி, மூன்று மாதக் கர்ப்பத்தோடு வருகிறாள். சொன்னால் அவள் புருஷன் ஜெயிலுக்குப் போவான், அடுத்த பெண் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரவே மாட்டாள். சொல்லாவிட்டால் செவிலியர் குற்றவாளி. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் டாக்டர் தன் தகவலில் அவள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வாசலைத் திறந்தது. பிரசவத்துக்கு வருகிற பெண்ணுக்கு அந்த வாசல் இல்லை. தகவல் கொடுக்கத்தான் வேண்டும் என்று சொல்கிறேன். சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது இந்தச் சேலத்தில்தான். எந்த வீட்டில் மூன்றாவதும் பெண் பிறந்திருக்கிறது, எந்தத் தாய் பேசாமல் இருக்கிறாள் என்று அந்தக் காலத்துச் செவிலியர்களும் அங்கன்வாடி ஆயாக்களும் கண்ணாலேயே அளந்தார்கள். ஓய்வு பெற்ற ஒருவர் என்னிடம் சொன்னார்: "அந்த வீடெல்லாம் இன்னும் கனவுல வருதும்மா. யாரும் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல."

பயிற்சியில் விட்டுப்போவது இதுதான். குழந்தையிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லித்தருகிறோம். கேட்டதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகும் ஆளுக்கு என்ன என்று யோசிப்பதில்லை. ரகசியம் காக்க வேண்டும் என்பதால் புருஷனிடம்கூடச் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு காவலர் தன் மகளை டியூஷனிலிருந்து நிறுத்திவிட்டார். ஒரு ஆசிரியை ராத்திரி மூன்று தடவை எழுந்து கதவைப் பார்க்கிறார். என் விஷயம் வேறு. ஒரு கட்டத்தில் எதைக் கேட்டாலும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சொல்லி அழும் தாயின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, சாயங்காலம் மாவு அரைக்கக் கொடுக்க வேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மனசு கல்லாகிவிட்டதோ என்று பயந்தேன். அது களைப்பு என்று ஒரு மனநல மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது.

இதற்கு நம் அலுவலகங்களில் "மேற்பார்வை" என்று ஒரு சொல் உண்டு. ஆனால் மேற்பார்வை என்றால் பதிவேட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என்று ஆகிவிட்டது. போதாக்குறைக்கு எங்களில் பலர் தொகுப்பூதியத்தில், ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். நிரந்தரமோ ஒப்பந்தமோ, குழந்தைகளோடு தொடர்புள்ள எல்லோருக்கும் அவ்வப்போது பயிற்சி தர வேண்டும் என்று 2020-ஆம் வருஷ விதிகள் சொல்கின்றன. தருகிறார்கள். பழகிய ஆள் இரண்டு வருஷத்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விடுகிறார், அடுத்தவர் முதலிலிருந்து தொடங்குகிறார்.

நாங்கள் ஐந்தாறு பேர் மாதம் ஒரு சனிக்கிழமை சேலத்தில் கூடுகிறோம். உத்தரவு எதுவும் கிடையாது. பெயர், ஊர் சொல்லாமல் ஒருவர் ஒரு விஷயத்தைப் பேசுவார். நாங்கள் வழக்கைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. "உனக்கு இதில் எது ஒட்டிக்கொண்டது?" என்று மட்டும் கேட்போம். அறிவுரை சொல்கிறவர் அன்றைய டீச் செலவைக் கொடுக்க வேண்டும். முதல் மாதங்களில் முழுச் செலவும் என்னுடையதாகவே இருந்தது.

போன மாதம் ஏற்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு செவிலியர் போன் செய்தார். வகுப்புக்கு வந்தவர். "மேடம், நீங்க சொன்ன மாதிரி 'அப்புறம்'னு மட்டும்தான் கேட்டேன். அந்தப் பிள்ளையே எல்லாம் சொல்லிடுச்சு. ஸ்டேஷனுக்குச் சொல்லிட்டேன், 1098-க்கும் சொல்லிட்டேன்." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "மூணு நாளாச் சாப்பாடு இறங்கல மேடம்." "சிஸ்டர், பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன். இல்லை, துணி காயப்போட மாடிக்கு வந்ததாகச் சொன்னார். நாற்பது நிமிஷம் பேசினார்.

வருகிற சனிக்கிழமைக் கூட்டத்துக்கு அவரும் வருகிறார். கடைசி பஸ்ஸுக்குள் மலையேறிவிட வேண்டும் என்பதால் இந்த முறை ஐந்து மணிக்குப் பதிலாக இரண்டு மணிக்கே ஆரம்பிக்கிறோம்.