கிளிநொச்சி என்று தேடினால் கிடைக்காத கிளிநொச்சி

பலர் சேர்ந்து எழுதும் இணையத்தளம் வேண்டும், தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மும்மொழியிலும் வேண்டும் என்று வன்னியில் யார் வந்தாலும் முதலில் கேட்பது மொழி மாற்றும் பொத்தானைத்தான். அது சின்ன வேலை. தலையிடி அதற்கு அடியில் இருக்கிறது.

தேடலையே பாருங்கள். கிளிநொச்சியில் உள்ள ‘நொ’வை யுனிகோட்டில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். நகரத்தோடு ஒகரக் குறி ஒன்றே வரலாம்; இல்லாவிட்டால் கொம்பு தனி, அரவு தனி என்று இரண்டு குறிகள் வரலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கணினி எழுத்தை எண்ணாகத்தான் ஒப்பிடும், அதனால் அதற்கு இவை வேறு வேறு சொற்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கடிதங்களிலும் பிடிஎஃப்பிலிருந்து வெட்டி ஒட்டிய அறிக்கைகளிலும் இந்த இரண்டாவது வகை ஒளிந்திருக்கும். ஒருவர் கைபேசியில் கிளிநொச்சி என்று தட்டித் தேடுகிறார். ‘முடிவுகள் இல்லை’ என்று வருகிறது. ஆள் என்ன செய்வார்? புதுப் பக்கம் தொடங்குவார். அப்புறம் ஒரே ஊருக்கு இரண்டு பக்கம், இரண்டிலும் பாதிப் பாதித் தகவல்.

சேமிக்கும்போதும் தேடும்போதும் எழுத்தை என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது பிரிந்து கிடக்கும் குறிகளை ஒன்றாக்கும் யுனிகோட் வடிவத்துக்கு, மாற்றச் சொல்லுங்கள். நிரலில் ஒரு வரிதான். சிங்களத்திலும் இதே சிக்கல் உண்டு, இதே மருந்துதான். ஆனால் ‘கௌரவ’ என்பதை ளகரம் போட்டு ‘கெளரவ’ என்று தட்டினால் என்எஃப்சியும் கைவிரித்துவிடும். அதற்குத் தனி விதி எழுத வேண்டும்.

ஊர்ப் பெயர்களுக்கு, பலர் சேர்ந்து வரையும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் செய்வது நல்ல வழி: இடத்துக்குப் பதிவு ஒன்று, அதற்குள் ஒவ்வொரு மொழிப் பெயருக்கும் தனிப் பெட்டி. ஒரே இடத்தின் பெயரைத் தமிழில் மணலாறு, சிங்களத்தில் வெலிஓயா என்று மாறி மாறி அழிக்கிற சண்டை பாதி குறையும். எது பெரிய எழுத்தில் தெரிய வேண்டும் என்ற மீதிப் பாதியை மென்பொருள் தீர்க்காது.

இதைவிட ஆபத்தானது பழசாகிப்போன மொழிபெயர்ப்பு. இரணைமடுக் குளத்தில் சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்கும் திகதி மாறுகிறது என்று வையுங்கள். ஆங்கிலப் பக்கத்தை உடனே திருத்திவிடுவார்கள். தமிழ்ப் பக்கத்தில் பழைய திகதி அப்படியே கிடக்கும். கமக்காரர் பார்ப்பது அதைத்தான். விக்கிப்பீடியா இயங்கும் மென்பொருளான மீடியாவிக்கியில் சேர்க்கக்கூடிய மொழிபெயர்ப்பு நீட்சி பக்கத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துவைத்து, மூலம் மாறிய துண்டுக்கு மட்டும் ‘காலாவதி’ அடையாளம் போடும். திகதி, ஏக்கர்க் கணக்கு போன்றவற்றை வாக்கியத்துக்குள் எழுதாமல் தனிப் புலத்தில் வைத்தால் இன்னும் நல்லது. ஓரிடத்தில் திருத்த, மூன்று பக்கமும் மாறும். எல்லா மொழி விக்கிப்பீடியாக்களுக்கும் பொதுவான தரவுக் களஞ்சியமாக 2012இல் தொடங்கிய விக்கித்தரவு நடப்பது இந்த முறையில்தான்.

இன்னொன்று, மூலமொழி எப்போதும் ஆங்கிலம்தான் என்று பூட்டிவைக்காதீர்கள். குளக்கட்டு உடைப்பெடுத்த செய்தியை மல்லாவியிலிருந்து ஒருவர் தமிழில்தான் எழுதுவார். ஆங்கிலப் பக்கம் திறக்கும்வரை அவர் காத்திருக்க முடியாது. பக்கத்துக்குப் பக்கம் மொழியை மாற்றும் வசதி மீடியாவிக்கியில் இருக்கிறது. நிறுவும்போது அது அணைந்துதான் கிடக்கும். நிர்வாகி போய்த் திறந்துவிட வேண்டும்.