சத்தத்தைக் கூட்டினால் குறைகிறதே!

"தம்பி, சத்தத்தைக் கூட்டுற பட்டனை அமுக்குனா குறையுதுப்பா" என்று சித்தப்பா போன் செய்தபோது தைப்பூசத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நடக்கும் காவடிக் கூட்டத்துக்கு அவர் பைக்கில் தண்ணீர் கொண்டுபோவார். முருகன் பாட்டும் கூடவே போகும். வண்டியில் இருந்தது, கடையில் வாங்கி மாட்டிய கார் ஸ்டீரியோ. ஹேண்டில்பாரில் நாலு பட்டன். இடையில் ஓடுவது இரண்டே ஒயர்.

நாலு பட்டனுக்கு இரண்டு ஒயர் எப்படிப் போதும்? ஒவ்வொரு பட்டனுக்குப் பின்னாலும் வேறு வேறு அளவில் ஒரு ரெசிஸ்டர், அதாவது மின்தடை, இருக்கிறது, அதனால்தான். சித்தப்பாவின் ஸ்டீரியோ, உள்ளே இருக்கும் 1000 ஓம் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டை ஒயரில் விட்டுவிட்டுக் காத்திருக்கிறது. யாரும் எதையும் அமுக்காதவரை ஒயரில் 5 வோல்ட் அப்படியே நிற்கும். 100 ஓம் உள்ள 'கூட்டு' பட்டனை அமுக்கினால் 0.45 வோல்ட்டுக்கு இறங்கும். 330 ஓம் உள்ள 'குறை' பட்டனுக்கு 1.24 வோல்ட். அடுத்த பாட்டுக்கு 1000 ஓம், அதாவது சரிபாதி, 2.5 வோல்ட்.

ஆக, 'சத்தத்தைக் கூட்டு' என்று பட்டன் எதுவும் சொல்வதில்லை. வெறும் வோல்ட்தான் போகிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று முதல் நாளே ஸ்டீரியோவுக்கு நாம் கற்றுக்கொடுக்கிறோம்: திரையில் வேலையைத் தொட்டுவிட்டு, பட்டனை அமுக்கிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மல்டிமீட்டரை வைத்தேன். 'கூட்டு' பட்டன் 100 ஓமுக்குப் பதில் 320 ஓம் காட்டியது! 1.21 வோல்ட். ஸ்டீரியோ அதை 'குறை' என்று எடுத்துக்கொண்டதில் அதன் தப்பு எதுவுமில்லை. பட்டன் பெட்டியைத் திறந்தால், ஐப்பசி கார்த்திகை மழை இறங்கி, செம்புத் தகட்டில் பச்சையாகக் களிம்பு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் காரைக்குடிக்குக் கொண்டுவந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையமான செக்ரியில் உலோக அரிப்பைப் பற்றி எத்தனையோ ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். அந்த அரிப்பின் ஒரு துளிதான் இது.

"திரும்பக் கத்துக்குடுத்துட்டாப் போதாதா?" என்றார் சித்தப்பா. போதாது. களிம்பின் மின்தடை ஒரே அளவில் நிற்காது, அமுக்கும் அழுத்தத்துக்கு ஏற்பவே மாறும். இன்றைக்குக் கற்றது நாளைக்குப் பொய்யாகிவிடும்.

புதிய பெரிய பைக்குகளில் கதை வேறு. 1986-இல் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேன் பஸ் என்ற முறைதான் அவற்றில் பெரும்பாலும். முறுக்கிய இரண்டு ஒயர்களில் எண்களாகச் செய்தி ஓடும். எந்தப் பட்டன் என்பதும் அந்த எண்ணிலேயே இருக்கும். வெளியில் வாங்கிய ஸ்டீரியோவுக்கு அந்தப் பாஷை புரியாது. நடுவில் ஒரு சின்ன மாட்யூல் உட்கார்ந்து, அந்த எண்ணைப் படித்து, ஸ்டீரியோவுக்குத் தெரிந்த வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும். அந்த வண்டிகளில் பட்டன் ஒயரை வெட்டி நேராக ஸ்டீரியோவில் சொருகவே கூடாது. அதே ஒயரில் வண்டியின் மற்ற செய்திகளும் ஓடலாம்.

சித்தப்பா வண்டிக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. தகட்டைக் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து, மூடி ஓரத்தில் சிலிகான் கிரீஸ் தடவி மாட்டினேன். மீட்டரில் 101 ஓம். பழைய செட்டிங்கைத் தொடவேயில்லை. சித்தப்பா அமுக்கினார், சத்தம் கூடியது.