பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து தொடங்கட்டும்: இளம் சமையல் கலைஞர் மன்றம் அமைப்போர் கவனத்திற்கு

மலேசியாவின் பினாங்கில் சமையல் தொழிலுக்கு இப்போது புது மவுசு வந்திருக்கிறது. 2022 டிசம்பரில், உணவகங்களுக்கு நட்சத்திரம் அளித்துத் தரப்படுத்தும் மிச்செலின் வழிகாட்டி கோலாலம்பூரையும் பினாங்கையும் முதன்முறையாகச் சேர்த்துக்கொண்டு, பினாங்கில் இரண்டு உணவகங்களுக்குத் தலா ஒரு நட்சத்திரம் அளித்ததிலிருந்து, "பையன் செஃப் ஆகணும்ங்கிறான்" என்று பெருமையோடு சொல்லும் பெற்றோர்களை நான் அதிகம் சந்திக்கிறேன். பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஆலய இளைஞர் பிரிவுகளும் பிள்ளைகளுக்கென ஒரு சமையல் மன்றம் தொடங்க ஆலோசனை கேட்கின்றன. ஹோட்டல் சமையலறைகளில் பணியாற்றிவிட்டு இப்போது பயிற்றுநராக இருக்கும் எனக்கு இது மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் பெரும்பாலான குழுவினர் முதல் கூட்டத்திலேயே வெள்ளைச் சட்டை, உயரத் தொப்பி, போட்டி மேடை, பிரமுகர் வருகை ஆகியவற்றைப் பேசி முடித்துவிடுகிறார்கள். தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை.

அமைப்பு முறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்குள் நடக்கும் மன்றம் புறப்பாட நடவடிக்கையாகப் பள்ளி நிர்வாகத்தின் பொறுப்பில் வந்துவிடும். வெளியில் நடத்துவதானால், ஏழு அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்த எந்தச் சங்கமும் 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டத்துக்கு உட்பட்டது என்பதை நினைவில் வைத்து, ஏற்கெனவே பதிவு பெற்ற ஓர் அமைப்பின் கீழ் இயங்குவதா, தனியாகப் பதிவு செய்வதா என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒரு பிள்ளையின் கையில் சுடுநீர் கொட்டிவிட்டால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அப்போதுதான் தெளிவான விடை இருக்கும்.

இடம் என்றவுடன் எல்லாரும் கோயில் மண்டபத்துச் சமையற்கட்டைத்தான் காட்டுகிறார்கள். அது திருவிழாவுக்கு ஆயிரம் பேருக்குச் சமைக்கக் கட்டிய இடம். தரையோடு இருக்கும் பெரிய அடுப்பின் சுவாலை பதின்மூன்று வயதுப் பிள்ளையின் முழங்கால் உயரத்தில் எரியும்; அங்கே கற்றுக்கொடுக்கத் தொடங்கக் கூடாது. இடுப்பளவு உயரமுள்ள மேசையும், சிறிய அடுப்புகளும், காற்றோட்டமும், இரண்டு கழுவு தொட்டிகளும் உள்ள சாதாரண அறையே போதும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படிந்து நிற்கும் என்பதால், எரிவாயுத் தோம்பை (சிலிண்டரை) மூடிய அலமாரிக்குள்ளோ தாழ்வான குழியிலோ வைப்பது ஆபத்து. ஒரு பெரியவருக்கு ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள். எத்தனை குறைவாக வந்தாலும் அறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள். இந்த இரண்டாவது விதியை நான் ஒருபோதும் தளர்த்துவதில்லை. தீக்காயத்துக்கு மட்டுமன்றிப் பிள்ளைகளின் பொதுவான பாதுகாப்புக்கும் அது அவசியம்.

தீக்காயம் பட்டால் ஓடும் குழாய் நீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும் என்பதையும், எண்ணெய்ச் சட்டி தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பை அணைத்துவிட்டு மூடியால் மூட வேண்டும் என்பதையும் முதல் நாளே செய்துகாட்டிவிட வேண்டும். நம் வீடுகளில் பற்பசையும் கிச்சாப்பும் பூசும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. பிள்ளைகளிடம் சொன்னால் அவர்கள் பாட்டிமாரைத் திருத்திவிடுவார்கள்.

என் மன்றத்தில் முதல் சில வாரங்கள் அடுப்பே பற்றவைப்பதில்லை. கை கழுவுதல், பாத்திரம் கழுவுதல், மேசை துடைத்தல், துடைத்த துணியைத் துவைத்தல், பொருள்களைப் பிரித்து அடுக்குதல் ஆகியவைதான் பாடம். ஒரு தாயார் வந்து, "ஐயா, சமைக்கக் கத்துக் கொடுப்பீங்கன்னு அனுப்பினேன், நீங்க பாத்திரம் தேய்க்க வைக்கிறீங்களே" என்று வருத்தப்பட்டார். அவர் மகன் வீட்டில் சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைப்பதில்லை என்பது பேச்சுவாக்கில் தெரிய வந்தது. மேற்கொண்டு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிரெஞ்சு சமையல் வல்லுநர் எஸ்கோஃபியே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹோட்டல் சமையலறையைப் பிரிவு பிரிவாக ஒழுங்குபடுத்திய முறைதான் இன்றும் பெரிய ஹோட்டல்களில் பின்பற்றப்படுகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு, ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு மேலாளர். மன்றத்தில் அந்தப் பொறுப்புகளை வாரந்தோறும் சுழற்ற வேண்டும். கழுவு தொட்டி எப்போதும் பெண்பிள்ளைகளிடமும் அடுப்பு எப்போதும் ஆண்பிள்ளைகளிடமும் தங்கிவிடுவதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினாலொழிய அது மாறாது.

அடுத்தது கத்தி. வெட்டுப்பலகைக்கு அடியில் ஈரத்துணி விரிக்காமல் எவரும் கத்தியைத் தொடக் கூடாது. பலகை நகர்ந்தால் கத்தியும் நகரும். பொருளைப் பிடிக்கும் கையின் விரல்நுனிகள் உள்ளே மடங்கி, கத்தியின் பக்கவாட்டு விரல்முட்டியைத் தொட்டபடி ஏறி இறங்க வேண்டும். கேரட்டை மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள குச்சிகளாகவும், பின்பு அதே அளவுள்ள சிறு கட்டங்களாகவும் நறுக்கச் சொல்லி, அளவுகோலை வைத்துப் பார்ப்போம். முதலில் கேலியாகச் சிரிப்பார்கள். ஒரே சட்டியில் பெரிய துண்டு வேகாமலும் சிறிய துண்டு குழைந்தும் போவதைத் தாங்களே சாப்பிட்டுப் பார்த்த பிறகு, அளவுகோலை அவர்களே எடுத்து வருகிறார்கள். மழுங்கிய கத்தியே பாதுகாப்பானது என்று நினைத்துக் கொடுத்துவிடும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: மழுங்கிய கத்திக்கு அழுத்தம் அதிகம் தேவை; அழுத்தும்போதுதான் அது வழுக்கும்.

நான் அதிக நேரம் செலவிடும் பாடம் சோறு. நாசி லெமாக்கும் நாசி கண்டாரும் நம் அன்றாட உணவாக இருக்கும் ஊரில், சோறு ஆபத்தானதாக ஆகலாம் என்று சொன்னால் எவரும் எளிதில் நம்புவதில்லை. பேசிலஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் சோறு வேகும் சூட்டையும் தாங்கிக்கொள்ளும். வெந்த சோறு வெளியில் நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. எனவே, சூடாக வைத்திருக்கும் உணவு 60 பாகை செல்சியஸுக்கு மேலும், குளிரூட்டி வைப்பது 5 பாகைக்குக் கீழும் இருக்க வேண்டும் என்ற விதியைச் சொல்லிவிட்டு, செய்து பார்க்க விடுகிறேன். ஒரே உலைச் சோற்றில் பாதியைக் குண்டானிலேயே விட்டு, மறுபாதியை அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பி, இரண்டிலும் வெப்பமானியைக் குத்தி வைப்போம். ஒரு மணி நேரம் கழித்துத் தட்டுச் சோறு ஆறியிருக்கும். குண்டானின் நடுப்பகுதியோ இன்னும் கை பொறுக்காத சூட்டில் இருக்கும். மிஞ்சிய சோற்றைக் குண்டானோடு குளிர்பெட்டியில் வைத்தாலும் அதன் உட்பகுதி பல மணி நேரம் ஆபத்தான சூட்டிலேயே கிடக்கும் என்பதைப் படிவம் ஒன்றில் (இடைநிலைப்பள்ளியின் முதலாம் ஆண்டில்) படிக்கும் மாணவரும் அப்போது புரிந்துகொள்கிறார். கோழிக்கும் இதே வெப்பமானிதான்: எலும்பைத் தொடாமல் தடித்த சதைப்பகுதியில் குத்தி, 75 பாகை காட்டினால்தான் இறக்க வேண்டும்.

2018 அக்டோபரில் கெடா மாநிலம் பாலிங்கில் லக்சா சாப்பிட்ட பலர் நச்சுணவால் பாதிக்கப்பட்டு இருவர் உயிரிழந்ததை மூத்த மாணவர்களிடம் நான் மறைப்பதில்லை. பயமுறுத்துவதற்காகச் சொல்கிறேன் என்று ஒரு நண்பர் குறைப்பட்டுக்கொண்டார். ஓரளவு பயம் இருக்கட்டும் என்பதே என் கருத்து.

சேர்க்கைப் படிவத்தில் ஒவ்வாமையைக் கட்டாயம் கேட்க வேண்டும். நிலக்கடலையை எழுதும் பெற்றோர், கூனிறாலில் செய்யும் பெலாச்சானை மறந்துவிடுகிறார்கள். சம்பாலில் அது கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். முஸ்லிம் பிள்ளைகள், மாட்டிறைச்சி தவிர்ப்போர், சைவ உணவினர் எல்லாரும் ஒரே மேசையில் நிற்கும் ஊர் இது. சைவத்துக்குத் தனிச் சட்டியும் தனிப் பலகையும் வைத்துக்கொண்டு, ஹலால் பொருள்களை மட்டுமே வாங்கினால் பெரும்பாலான சங்கடங்கள் வராமலேயே போய்விடும்.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். மன்றம் நன்றாக நடக்கத் தொடங்கியதும், விருந்துகளுக்கும் நிதி திரட்டும் உணவுச் சந்தைகளுக்கும் பிள்ளைகளை அனுப்பும்படி கேட்டுப் பெரியவர்கள் வருகிறார்கள். "அனுபவம் கிடைக்கும்" என்பது அவர்கள் வாதம். விடிவதற்கு முன்பே எழுப்பி மூட்டை மூட்டையாக வெங்காயம் உரிக்க வைப்பதில் கிடைக்கும் அனுபவம் என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை. 15 வயதுக்குக் குறைந்தவரை இரவு 8 மணிக்கும் காலை 7 மணிக்கும் இடையில் வேலை வாங்கக் கூடாது என்று 1966ஆம் ஆண்டின் சிறுவர், இளையோர் வேலைவாய்ப்புச் சட்டம் கூறுகிறது. இது வேலை அல்ல, சேவை என்று விளக்கம் சொல்லித் தப்பிக்கலாம்; பிள்ளையின் தூக்கம் அந்த விளக்கத்தை ஏற்காது. தவிர, 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி, உணவு வளாகத்தில் உணவைக் கையாள்பவர் சுகாதார அமைச்சு அங்கீகரித்த பயிற்சியையும் டைபாய்டு தடுப்பூசியையும் பெற்றிருக்க வேண்டும். அந்தத் தடுப்பூசியை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வெளியாருக்குப் பரிமாறுவதானால் இவை முடிந்த பின்னரே நான் ஒப்புக்கொள்வேன்.

போட்டிகளை நான் வெறுக்கவில்லை. உலகத் திறன் போட்டியில் சமையலும் ஒரு பிரிவு. அதில் பெரும்பாலான பிரிவுகளுக்கு வயது வரம்பு 22. அந்த வயதில் அங்கே நிற்க விரும்புபவருக்குப் பதின்மூன்றில் கோப்பை தேவையில்லை, பழக்கம்தான் தேவை. ஆண்டுக்கு ஒரு சிறு போட்டி, அதிலும் மேசைத் தூய்மைக்கும் வீணாக்காமைக்கும் சுவைக்குச் சமமான மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால் போதும்.

கணக்கும் கற்றுக்கொடுங்கள். சௌராஸ்தா சந்தையில் வாங்கிய ஒரு கிலோ பெரிய வெங்காயத்தை உரித்து மறுபடி நிறுத்துப் பார்த்தால், ஏறக்குறைய 900 கிராம்தான் தேறும். கிலோ 4 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், சட்டிக்குள் விழும் வெங்காயத்தின் உண்மையான விலை கிலோவுக்கு 4 ரிங்கிட் 44 சென். இதேபோல் எண்ணெய், எரிவாயு, பொட்டலத் தாள் வரை எழுதிக் கூட்டிய ஒரு மாணவி, தன் தாயார் விற்கும் வடைக்கு லாபமே இல்லை என்று கண்டுபிடித்துவிட்டு வீட்டில் பெரிய விவாதத்தைக் கிளப்பினாள். மூலப்பொருள் செலவு விற்பனை விலையில் 30 விழுக்காட்டை ஒட்டி இருக்கும்படி பார்ப்பது உணவகங்களில் பரவலான வழக்கம் என்பதை அதற்குப் பிறகு விளக்குவது எளிதாயிற்று.

பதினேழு வயதில் மன்றத்தைவிட்டுச் செல்பவர்களுக்கு வழி இருக்கிறது. பினாங்கில் அங்காடிக் கடைகளில் உள்ளூர் உணவுகளுக்கு வெளிநாட்டவர் முதன்மைச் சமையல்காரராக இருக்கக் கூடாது என்ற தடை 2016இல் நடப்புக்கு வந்தது. உள்ளூர்க் கைகளுக்குத் தேவை உண்டு. திறன் மேம்பாட்டுத் துறை வழங்கும் மலேசியத் திறன் சான்றிதழை நிலை நிலையாகப் பெறலாம். சமூகக் கல்லூரிகளிலும் சமையற்கலைப் பயிற்சி உண்டு. அவற்றின் கட்டணம் தனியார் கல்லூரிகளைவிட மிகக் குறைவு. தனியார் கல்லூரிதான் வேண்டும் என்பவர்கள், பணம் கட்டும் முன் அதன் பயிற்சிச் சமையலறையை நேரில் பார்த்து, ஒரு மாணவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் அடுப்பின் முன் நிற்கக் கிடைக்கிறது, தொழிற்பயிற்சிக்கு எந்த வகைச் சமையலறைக்கு அனுப்புகிறார்கள், கொடுக்கும் சான்றிதழ் அரசாங்கம் அங்கீகரித்ததா என்ற மூன்றையும் எழுத்து வடிவில் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும்.