ஊர்ல ரெண்டு ஏக்கர் நெல்லு, நீங்க பெங்களூர்ல: மெஷின் மானியத்துக்கு அப்ளை பண்றதுக்கு முன்னாடி

இங்க அல்சூர்ல இருந்து எலக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் கேட்டுப் பாருங்க, தஞ்சாவூர் திருவாரூர் பக்கம் ரெண்டு மூணு ஏக்கர் நெலம் இருக்கிற ஆளு நிறைய பேர் இருப்பாங்க. சீசன் வந்தா ஊர்ல இருந்து போன் வரும், "ஆளே கெடைக்கல தம்பி, கவர்மெண்ட்ல பாதி காசு தர்றாங்களாம், ஒரு வண்டி எடுத்துருவோமா"ன்னு. எடுக்கலாம், ஆனா கணக்கு போட்டுட்டு எடுங்க.

முதல்ல திட்டம். பேரு வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம், சுருக்கமா எஸ்எம்ஏஎம், 2014-15ல மத்திய அரசு ஆரம்பிச்சது, தமிழ்நாட்டுல வேளாண்மைப் பொறியியல் துறை வழியா நடக்குது. சிறு குறு விவசாயி (2 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 5 ஏக்கர் வரைக்கும்), எஸ்சி எஸ்டி, பெண்கள் இவங்களுக்கு 50 சதவீதம், மத்தவங்களுக்கு 40. இதுல எல்லாரும் கோட்டை விடுற இடம் ஒண்ணு இருக்கு: ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு உச்சவரம்பு உண்டு, சதவீதமா வரம்பா எது கம்மியோ அதுதான் கிடைக்கும், அதனால விலை கூடின வண்டின்னா "பாதி"ங்கிறது பாதியா இருக்காது. அப்புறம், அனுமதி வாங்கினதுக்கு அப்புறம்தான் வாங்கணும், கடையில எடுத்துட்டு பில்லை நீட்டினா ஒண்ணும் நடக்காது. 2025 செப்டம்பர் 22ல இருந்து டிராக்டர், அறுவடை மெஷினுக்கு ஜிஎஸ்டி 12ல இருந்து 5 ஆனது தனி லாபம், அதுக்கு யார்கிட்டயும் அப்ளிகேஷன் போட வேண்டாம்.

இப்ப கணக்கு. செயின் டைப் (டயருக்கு பதிலா செயின்ல ஓடுற) நெல் அறுவடை மெஷின் 20 லட்சத்துக்கு மேல போகும், ஒரு ஏக்கர் அறுக்க அதுக்கு சுமாரா ஒரு மணி நேரம் ஒன்றரை மணி நேரம் போதும். உங்க ரெண்டு ஏக்கருக்கு குறுவை சம்பா ரெண்டும் சேர்த்தா வருஷத்துக்கு மிஞ்சிப் போனா ஆறு மணி நேரம் ஓடும், மிச்ச நாளெல்லாம் கொட்டகையில நிக்கும், ஈஎம்ஐ மட்டும் மாசாமாசம் ஓடும். மானியம் வண்டி விலையைத்தான் குறைக்கும், சும்மா நிக்கிற நாளை குறைக்காது. தமிழ்நாட்டுல சராசரி நில அளவே 0.75 ஹெக்டேர்தான் (2015-16 கணக்கெடுப்பு), அதுனால இது உங்க ஒருத்தர் பிரச்சனை இல்ல. பவர் டில்லர், களை எடுக்கிற மெஷின் மாதிரி சின்னது சொந்தமா வாங்குறதுல தப்பு இல்ல, பெருசுக்கு வாடகைதான் சரி.

அதுக்கும் அதே திட்டத்துல வழி இருக்கு. வாடகை மையம் வைக்கிற தனி ஆளுக்கு 40 சதவீதம், ஊர்ல குழுவா, உழவர் உற்பத்தியாளர் நிறுவனமா சேர்ந்து வச்சா 80 சதவீதம் வரைக்கும், இதுக்கும் வரம்பு உண்டு. லோன் தேவைன்னா வேளாண் உள்கட்டமைப்பு நிதியில 2 கோடி வரைக்கும் 3 சதவீத வட்டி தள்ளுபடி, 7 வருஷத்துக்கு. ஊர்ல படிச்சுட்டு சும்மா இருக்கிற பசங்க நாலு பேர் சேர்ந்தா இதுதான் ஓடும், ஏன்னா சுத்துவட்டாரத்துல நூறு ஏக்கர் கிடைச்சா அதே மெஷின் நிக்காம ஓடும்ல.

சும்மா வாடகைக்கு எடுக்கணும்னா தமிழ்நாடு அரசோட உழவன் ஆப்ல இ-வாடகைன்னு மெஷின் புக் பண்ற வசதி இருக்கு, பொறியியல் துறை மெஷின் தனியாரை விட மலிவு. ஆனா அறுவடை நேரத்துல எல்லாருக்கும் ஒரே வாரத்துல வேணும், மழை வேற மிரட்டும், அப்ப அரசு மெஷினுக்கு க்யூ நிக்க முடியாம புரோக்கர் சொல்ற ரேட்டுக்கு வெளி மாவட்ட வண்டியைத்தான் புடிப்பாங்க. அதனால கதிர் முத்துறதுக்கு முன்னாடியே சொல்லி வைங்க. நடவு மெஷினுக்கும் இதே கதைதான், அதுக்கு நாத்தை பாய் மாதிரி சுருட்டி எடுக்கிற பாய் நாற்றங்கால் தனியா போடணும், சாதாரண நாத்தை வச்சுக்கிட்டு மெஷினைக் கூப்பிட்டா அது திரும்பிப் போயிடும்.

கடைசியா பட்டா. இன்னும் தாத்தா பேர்லயே கிடந்தா, இல்ல கூட்டுப் பட்டான்னா, முதல்ல அதை சரி பண்ணுங்க, சிறு குறு விவசாயி சான்றிதழும் தாசில்தார் ஆபீஸ்ல வாங்கணும். நெலம் மண்டியா பக்கம் இருந்தா இந்த ஆபீஸ் எதுவும் பொருந்தாது, அங்க கிருஷி யந்திர தாரே வாடகை மையம், ரைத்த சம்பர்க்க கேந்திரா (கர்நாடக வேளாண் துறையோட விவசாயி தொடர்பு மையம்) ரெண்டையும் போய் விசாரிங்க.