வடிகட்டினால் போய்விடுமா சுண்ணாம்பு?

பயோடீசல் மாதிரியைப் பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்தால் நான் முதலில் பார்ப்பது அதன் அடியைத்தான். மேலே தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும். அடியில் மெல்லிய வெண்படலம். "திட வினையூக்கிதானே சார் போட்டோம், வடிகட்டிட்டோமே" என்பார்கள். வடிகட்டியது உண்மைதான். ஆனால் ஃபில்டரில் நிற்பது கரையாதது மட்டும்.

தாவர எண்ணெயையும் மெத்தனாலையும் வினைபுரியவைத்துத்தான் பயோடீசல் எடுக்கிறோம்; அதற்கு வினையூக்கியாக வழக்கமாகப் போடுவது காஸ்டிக் சோடா. 60 டிகிரியில் ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். பிறகு அதைத் தண்ணீர் விட்டுக் கழுவிக் கழுவி எடுக்க வேண்டும். அந்தத் தலைவலி வேண்டாமென்றுதான் பலரும் கால்சியம் ஆக்சைடுக்கு, அதாவது சுட்ட சுண்ணாம்புக்கு, மாறுகிறார்கள். முட்டை ஓட்டை 900 டிகிரியில் சுட்டாலே கிடைத்துவிடும். உலையிலிருந்து எடுத்த தூளை மூடாமல் தட்டில் ஆறவைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும்: காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் ஏறி, சுட்ட பலன் பாதி அங்கேயே போய்விடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் கரைந்து கசிவது. வினையில் பிறக்கும் கிளிசரினோடு சுண்ணாம்பு சேர்ந்து கால்சியம் கிளிசராக்சைடு ஆகிறது. அதில் கொஞ்சம் எரிபொருளிலும் கலக்கிறது. எண்ணெயில் கொழுப்பு அமிலம் அதிகமென்றால் கால்சியம் சோப்பு வேறு. இது வண்டியின் ஃபில்டரை அடைக்கும். ஐரோப்பிய இஎன் 14214 தரப்படி, கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்தே கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது.

கசிகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. வினை பாதியில் இருக்கும்போதே, சூடு ஆறாமல் வடிகட்டி, தெளிந்த திரவத்தை மட்டும் அதே சூட்டில் கலக்கிக்கொண்டே இருங்கள். எஸ்டர், அதாவது பயோடீசல், அளவு மேலும் ஏறினால், கரைந்துபோன சுண்ணாம்பும் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆறவிட்டு வடித்தால் கரைந்தது மறுபடி படிந்து ஏமாற்றிவிடும். மெத்தனால் 65 டிகிரிக்குள் கொதிப்பது, அதன் தீ பகலில் கண்ணுக்கே தெரியாது; அதனால் மூடிய வடிகட்டியில்தான் செய்ய வேண்டும்.

கசிவைக் குறைக்கும் வினையூக்கிகள் இல்லாமலில்லை. பிரான்ஸின் செட் நகர ஆலையில் துத்தநாக அலுமினேட் கொண்டு நடத்தினார்கள். அதற்கு 200 டிகிரியை ஒட்டிய சூடும் உயர் அழுத்தமும் வேண்டும். சின்ன ரியாக்டர் வைத்திருப்பவர் நினைத்துப் பார்க்க முடியாதது.

"ஒரே தூளை ஐந்து முறை போட்டும் எஸ்டர் 95 சதவீதம் வருகிறது" என்று யாராவது தூள் விற்க வந்தால், எத்தனை மணி நேரம் ஓட்டி அளந்தார் என்று கேளுங்கள். நேரம் தாராளமாகக் கொடுத்தால் பாதி செத்த வினையூக்கியும் அந்த அளவை எட்டிவிடும். நான் முதல் இருபது நிமிடத்து அளவைத்தான் கேட்பேன்.