பிழையா, ஆசிரியரின் விருப்பமா?

குன்னூரில் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரை எழுதச் சொல்லித்தருகிறேன். தாளின் ஓரத்தில் நான் 'பி' போட்டால் பிழை. திருத்தியே ஆக வேண்டும். 'வி' போட்டால் என் விருப்பம். ஏற்பதும் விடுவதும் எழுதியவர் பாடு. இரண்டையும் ஒரே சிவப்பு மையில் கலந்துவிடும் ஆசிரியர்கள் அதிகம். பிள்ளைகளும் எல்லாவற்றையும் இலக்கணம் என்றே நம்பிவிடுகிறார்கள்.

பிழையில் அவ்வளவு குழப்பம் இல்லை. 'பறவைகள் பறந்தது', 'ஒவ்வொரு மாணவர்களும்' எல்லாம் 'பி'. 'வேலை தேடினான்' என்றால் உத்தியோகம்; 'வேலைத் தேடினான்' என்றால் முருகன் கையில் இருக்கிற வேல். ஒற்று பொருளையே மாற்றும் இடத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

என் விருப்பங்களின் கதை வேறு. 'என்பது குறிப்பிடத்தக்கது' என்று முடியும் வாக்கியத்தைக் கண்டாலே கை பரபரக்கும். அதுதான் குறிப்பிட்டாயிற்றே, அப்புறம் என்ன? 'வருகை தந்தார்' எதற்கு, 'வந்தார்' போதாதா? 'தேயிலை மற்றும் காபி' வந்தால் 'தேயிலையும் காபியும்' என்று எழுதிப் பார்க்கச் சொல்வேன். ஊட்டி பற்றிய கட்டுரை என்றால் 'மலைகளின் அரசி' வந்து உட்கார்ந்துவிடுவாள். எனக்கு அலுத்துவிட்டது. முதல் தடவையாக எழுதும் பையனுக்கு அலுக்கவில்லையே! எல்லாம் 'வி'தான்.

பந்தலூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி தன் பழைய கட்டுரையைக் காட்டினாள். 'அம்மா விடியுமுன் பெரட்டுக்குப் போய்விடுவார். லயத்தில் நானும் தம்பியும்தான்.' பெரட்டு, லயம் இரண்டையும் வட்டமிட்டு, 'கொச்சை' என்று யாரோ எழுதியிருந்தார்கள். இந்தியாவும் இலங்கையும் 1964-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அங்கிருந்து வந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பம் அவளுடையது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் இந்தப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டங்களே எழுந்தன. காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற இடம் பெரட்டு, தோட்டத்து வரிசை வீடு லயம். இலங்கை மலையக எழுத்தில் இவை அச்சேறி வெகுகாலம் ஆகிறது. 'தொழிலாளர் குடியிருப்பு' என்று மாற்றினால் தோட்டத்தையே பார்க்காதவர் எழுதியது மாதிரி ஆகிவிடும். இங்கே 'வி' போடக்கூட எனக்கு உரிமை இல்லை. வெளியூர்க்காரருக்குப் புரிய ஒரு சொல் சேர்க்கலாமா என்று மட்டும் கேட்டேன். 'பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய்விடுவார்' என்று மாற்றினாள். போதும்.

மழையைப் பற்றி எழுதும்போதும் இந்தச் சிக்கல் உண்டு. கோத்தகிரியில் ஐப்பசி மழைதான் பெரிசு, கூடலூரில் ஆடி மழை. ஆசிரியருக்கோ தன் ஊர் மழைதான் மழை.

அதனால் திருத்திய தாள் கைக்கு வந்ததும் கேளுங்கள்: "மிஸ், இது தப்பா, இல்ல உங்களுக்குப் பிடிக்கலையா?" இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. பொதுத்தேர்வு எழுதுகிறவர்கள் மட்டும் கொஞ்சம் பார்த்து நடந்துகொள்ளுங்கள். 'ஒரு ஊர்' இன்றைய உரைநடையில் சாதாரணம், சரி. விடைத்தாளில் 'ஓர் ஊர்' என்றே எழுதிவிடுங்கள். திருத்துகிறவரிடம் போய் 'பி'யா 'வி'யா என்று கேட்க முடியாது.